அப்பா அம்மா அமெரிக்கா கிளம்புகிறார்களா? விமானத்தில் எந்த வகுப்பு என்று முடிவு செய்ய 12 குறிப்புகள்

சென்னையிலிருந்து அமெரிக்காவுக்கு நேரடி விமானம் கிடையாது. துபாய், தோஹா, லண்டன், ஃபிராங்க்பர்ட் என்று எங்காவது இறங்கி மாற வேண்டும். வீட்டை விட்டுக் கிளம்பி பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சேர ஒரு நாளுக்கு மேல் ஆகிவிடும். மகளின் பிரசவத்துக்கோ, பேரன் பேத்தியைப் பார்க்கவோ போகும் அறுபது, எழுபது வயதுக்காரர்களுக்கு இது உடம்பைப் பிழிந்துவிடும் பயணம். "எக்கானமியே போதும், எதுக்கு வீண் செலவு?" என்பார்கள் பெற்றோர். "பிசினஸ் கிளாஸே போட்டுடறேன்" என்பார்கள் பிள்ளைகள். வகுப்பின் பெயரைப் பார்க்காமல், உடம்பு எந்த நேரத்தில் தவிக்கும் என்று பார்த்துப் பணத்தைப் போட்டால் செலவும் அடங்கும், சுகமும் கிடைக்கும்.

1. எந்த விமானப் பயணம் நீளமானது என்று பாருங்கள். சென்னை–துபாய் சுமார் 4 மணி நேரம். துபாய்–நியூயார்க் சுமார் 14 மணி நேரம். பணம் போட வேண்டியது இரண்டாவதில்தான். முதல் விமானத்துக்கு எக்கானமி, அடுத்ததற்கு மேல் வகுப்பு என்று ஒரே டிக்கெட்டில் கலந்து போடப் பல நிறுவனங்களில் வழி உண்டு. இணையதளத்தில் கிடைக்காவிட்டால் டிராவல் ஏஜென்ட்டிடம் கேளுங்கள்.

2. இரவா, பகலா? படுக்கையாக மாறும் சீட்டின் முழுப் பயனும் தூங்கும் நேரத்தில்தான். பகல் முழுக்க விழித்திருக்கும் விமானத்துக்கு அவ்வளவு கொடுப்பது அநாவசியம். அமெரிக்கக் கிழக்குக் கரையிலிருந்து ஐரோப்பா வழியாகத் திரும்பும் விமானங்கள் பெரும்பாலும் மாலையிலோ இரவிலோ கிளம்பும். கிழக்கு நோக்கி வரும்போது தூக்கம் கெடுவதும் அதிகம். ஒரு பக்கத்துக்கு மட்டும்தான் கட்டுப்படியாகும் என்றால், திரும்பி வரும் பயணத்தை முதலில் யோசியுங்கள்.

3. வித்தியாசத்தை மணிக்கணக்கில் வகுத்துப் பாருங்கள். உதாரணமாக, மேல் வகுப்புக்கு 60,000 ரூபாய் கூடுதல், பயணம் 15 மணி நேரம் என்றால் மணிக்கு 4,000 ரூபாய். அதற்கு என்ன கிடைக்கிறது என்று அப்போது தெளிவாக யோசிக்க முடியும். மலிவான எக்கானமி டிக்கெட்டில் சீட் தேர்வு, இரண்டாவது பெட்டி, தேதி மாற்றம் எல்லாவற்றுக்கும் தனிக் கட்டணம் இருக்கலாம். அவற்றையும் கூட்டிய பிறகே ஒப்பிடுங்கள்.

4. கால் இடத்தை வீட்டிலேயே அளந்து பாருங்கள். ஒரு சீட்டின் முதுகிலிருந்து அடுத்த சீட்டின் முதுகு வரை உள்ள தூரத்தை 'பிட்ச்' என்பார்கள். எக்கானமியில் இது பெரும்பாலும் 31, 32 அங்குலம். பிரீமியம் எக்கானமியில் சுமார் 38. சாப்பாட்டு நாற்காலியைச் சுவரைப் பார்த்துப் போட்டு, நாற்காலியின் முதுகுக்கும் சுவருக்கும் 31 அங்குலம் விட்டு அப்பாவை உட்காரச் சொல்லுங்கள். அதே நிலையில் எழுந்து பக்கவாட்டில் வெளியே வரச் சொல்லுங்கள். பிறகு 38 அங்குலத்தில் செய்து பாருங்கள். மூட்டு வலி உள்ளவரின் முகமே விடை சொல்லிவிடும்.

5. பிரீமியம் எக்கானமி யாருக்கு? சீட் அகலம் கூடும், அதிகம் சாயும், பல விமானங்களில் காலை வைத்துக்கொள்ளத் தாங்கியும் இருக்கும். ஆனால் படுக்க முடியாது. முழங்கால் மடக்கக் கஷ்டம், உடம்பு கொஞ்சம் பருமன் என்பவர்களுக்கு நல்ல தேர்வு. முதுகைக் கிடத்தினால்தான் வலி அடங்கும் என்பவர்களுக்கு இது பாதித் தீர்வுதான்.

6. பிசினஸ் என்றால் எல்லாம் ஒன்றல்ல. சீட் முழுக்கத் தட்டையாகப் படுக்குமா, ஒவ்வொரு சீட்டிலிருந்தும் நேராக நடைபாதைக்கு வர முடியுமா என்று இரண்டு கேள்விகள் கேளுங்கள். வரிசைக்கு 1-2-1 என்று இருந்தால் யாரையும் தாண்ட வேண்டியதில்லை. 2-3-2 என்று இருக்கும் பழைய அமைப்பில் நடு சீட்டும் உண்டு. ஐரோப்பாவுக்குள் பறக்கும் குறுகிய விமானங்களில் பிசினஸ் என்பது பெரும்பாலும் எக்கானமி சீட்டே. நடு சீட்டைக் காலியாக விடுவார்கள், அவ்வளவுதான்.

7. விமானத்தின் வகையைப் பாருங்கள். போயிங் 777-இல் எக்கானமி வரிசை பெரும்பாலும் 3-4-3. சீட் அகலம் சுமார் 17 அங்குலம். ஏர்பஸ் ஏ350-இல் பெரும்பாலும் 3-3-3. சுமார் 18 அங்குலம். ஏ330-இல் 2-4-2 என்பதால் ஜன்னலோர ஜோடி சீட் தம்பதிக்கு அருமை. 777-இன் வால் பக்கம் கடைசிச் சில வரிசைகளிலும் பல நிறுவனங்களில் இப்படி ஜோடி சீட் இருக்கும். 787, ஏ350 இரண்டிலும் உள்ளே காற்றழுத்தம் சுமார் 6,000 அடி உயரத்துக்குச் சமமாக வைக்கப்படுவதால் களைப்பு குறையும்.

8. எக்கானமி என்றால் நடைபாதை ஓரம்தான். ஜன்னல் சீட்டில் உட்கார்ந்த அம்மா, பக்கத்தில் தூங்கும் இரண்டு பேரை எழுப்பத் தயங்கி, பாத்ரூம் போகாமல் இருக்கத் தண்ணீரே குடிக்காமல் வந்துவிடுவார். காற்றே வறண்ட இடத்தில் அது நல்லதல்ல. காசு கொடுத்தாவது அவருக்கு நடைபாதை சீட் எடுத்துவிடுங்கள், பக்கத்தில் அப்பா.

9. அவசர வழி வரிசையை நம்பாதீர்கள். அங்கே கால் நீட்ட இடம் தாராளம். ஆனால் ஆபத்தில் கதவைத் திறந்து உதவக்கூடியவர்களுக்குத்தான் தருவார்கள்; சக்கர நாற்காலி கேட்டவருக்குத் தரமாட்டார்கள். கழிப்பறையை ஒட்டிய கடைசி வரிசையில் சீட் சாயாமல் போகலாம். தடுப்புச் சுவருக்கு எதிர் வரிசையில் தொட்டில் மாட்டுவார்கள், குழந்தைகள் அழலாம்.

10. இவற்றுக்காக மேல் வகுப்பு வாங்க வேண்டாம். சக்கர நாற்காலி உதவியை எக்கானமிப் பயணியும் டிக்கெட் எடுக்கும்போதே கேட்டு வைக்கலாம். சைவம், ஜைன உணவு, சர்க்கரை நோயாளி உணவு எல்லாம் எக்கானமியிலும் உண்டு. குறைந்தது 24 மணி நேரம் முன்பே பதிவு செய்யுங்கள்.

11. வகுப்பைப் பிறகும் உயர்த்தலாம். சீட் மீதமிருந்தால் பல நிறுவனங்கள் பயணத்துக்கு முன் மின்னஞ்சலில் ஏலம் கேட்கும். சில, செக்-இன் கவுன்டரிலேயே விலை சொல்லும். கிடைக்கும் என்று உறுதி இல்லை. உடம்பு முடியாதவர்களுக்கு முதலிலேயே வாங்கிவிடுவதே நிம்மதி.

12. வகுப்புக்குப் பதில் ஓய்வை வாங்கலாம். துபாய், தோஹா விமான நிலையங்களுக்குள்ளேயே, குடியேற்றச் சோதனையைத் தாண்டாமல் தங்கும் டிரான்சிட் ஹோட்டல்கள் உண்டு. எட்டு மணி நேர இடைவெளி உள்ள இணைப்பை எடுத்து, குளித்து, கட்டிலில் படுத்து எழுந்து போனால் எக்கானமியும் தாங்கும். பிசினஸ் கட்டணத்தோடு ஒப்பிட்டால் செலவு மிகக் குறைவு.

எந்த வகுப்பானாலும் ஒன்றை மறக்க வேண்டாம். 4 மணி நேரத்துக்கு மேல் அசையாமல் இருந்தால் கால் ரத்தக் குழாயில் ரத்தம் கட்டும் அபாயம் சுமார் இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2007-இல் சொன்னது. மொத்தத்தில் பார்த்தால் அது அரிதுதான். ஆனால் படுக்கை சீட் வாங்கியவரும் அவ்வப்போது எழுந்து நடக்க வேண்டும், கணுக்காலைச் சுழற்ற வேண்டும். ஏற்கெனவே ரத்தக்கட்டு வந்தவர்கள், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் டிக்கெட் போடும் முன்பே டாக்டரைக் கேளுங்கள். அவர் சொல்வதைக் கேட்டுவிட்டு வகுப்பை முடிவு செய்யுங்கள்.