பந்தை உதைத்தவர் பெயரை எழுது

அன்புள்ள தம்பிக்கு,

சிங்கப்பூரின் லயன்ஸ் அணி ஆசியக் கிண்ணத்துக்குத் தகுதி பெற்றதைப் பற்றி நீ எழுதிய கட்டுரையை வாசித்தேன். பயிற்றுவிப்பாளர்கள் ஏழு பேரின் பெயர் அதில் வருகிறது. ஆடியவர்களின் பெயர் மூன்றுதான். ஒரு காற்பந்துக் கட்டுரையில் இந்தக் கணக்கு எனக்குப் பொறுக்கவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

திடல்கள் குறைந்துபோனது, 18 வயதில் வரும் இரண்டாண்டு தேசிய சேவை, தேர்வு நெருங்கினால் காலணியை ஒளித்துவைக்கும் பெற்றோர், புளோக்குக்குக் கீழே பந்து விளையாடக்கூடாது என்ற அறிவிப்புப் பலகை எல்லாம் உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவற்றைத் திரும்பப் பேசி உன் நேரத்தை வீணாக்க மாட்டேன். என் சண்டை வேறு இடத்தில் இருக்கிறது.

“குற்றம் என்றுமே பயிற்றுவிப்பாளர்களிடம்தான் இருந்தது, சரியான ஆள் வந்ததும் வென்றோம்” என்று முடித்திருக்கிறாய். 2025 நவம்பர் 18 அன்று ஹாங்காங்கின் காய் தாக் அரங்கில் முதல் பாதி முடிந்தபோது 0-1 என்று பின்தங்கியிருந்தோம். இரண்டாம் பாதியில் ஷாவால் அனுவாரும் இல்ஹான் ஃபாண்டியும் சில நிமிட இடைவெளியில் கோல் போட்டார்கள். 1984-ல் ஆசியக் கிண்ணத்தை நாமே ஏற்று நடத்தியதால் நமக்கு இடம் கிடைத்தது. ஆடி வென்று தகுதி பெற்றது இதுதான் முதல் முறை. அந்த இரண்டு கோலுக்கும் சேர்த்து நீ கொடுத்தது ஒரே வரி. இடைவேளையில் பயிற்றுவிப்பாளர் கேவின் லீ என்ன சொல்லியிருப்பார் என்ற ஊகத்துக்கு நான்கு பத்தி கொடுத்திருக்கிறாய். உடைமாற்றும் அறைக்குள் நீயும் இல்லை, நானும் இல்லை. பந்து வலைக்குள் போனதை இருவரும் பார்த்தோம். பார்த்ததை ஒரு வரியில் தள்ளிவிட்டுப் பார்க்காததை விரித்து எழுதியிருக்கிறாய். விளையாட்டு எழுதுகிறவனுக்கு இதைவிடக் கெட்ட பழக்கம் இல்லை.

என்னை உண்மையிலேயே வருத்திய வரி நடுவில் இருக்கிறது: “சுந்தரமூர்த்தியின் இருண்ட இரண்டாண்டு.” போகிற போக்கில் எழுதிவிட்டுப் போயிருக்கிறாய். 2016-லிருந்து 2018 வரை அவர் தேசிய அணியைப் பார்த்துக்கொண்ட காலம் மோசமானதுதான். 2019 ஆசியக் கிண்ணத் தகுதிச் சுற்றில் ஒரு வெற்றியும் இல்லாமல் பிரிவில் கடைசியாக வந்தோம். சொந்த மண்ணில் தைவானிடம் தோற்றோம். மறுக்கவில்லை. ஆனால் அதே வி. சுந்தரமூர்த்திதான் 2013-ல் நம் லயன்ஸ்டுவெல்வ் அணியை மலேசிய சூப்பர் லீக்கின் வெற்றியாளராக்கினார். தேக்காவிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கும் ஜாலான் புசார் அரங்கில்தான் அந்தப் பட்டம் உறுதியானது. ஹாரிஸ் ஹாருன், சஃபுவான் பஹாருடின், இஸ்வான் மஹ்புட் என்று அன்று ஆடியவர்கள் பலர் தேசிய அணியிலும் அவரிடம் ஆடினார்கள். ஆளும் அவரே, ஆட்டக்காரர்களும் பெரும்பாலும் அவர்களே. ஒரு முறை பட்டம், மறுமுறை கடைசி இடம். குற்றம் எப்போதும் பயிற்றுவிப்பாளருடையது என்றால், 2013-க்கு நீ என்ன பதில் வைத்திருக்கிறாய்?

என் பதிலைச் சொல்கிறேன். 2013-ல் அந்த அணி வாராவாரம் ஆடியது. எதிரணி ரசிகர்களின் கூச்சலுக்கு நடுவே ஆடியது. ஒரு தவறு செய்தால் அடுத்த வாரமே அதைத் திருத்திக் காட்ட வேண்டிய கட்டாயம் இருந்தது. 2015-ல் மலேசியக் காற்பந்துச் சங்கம் ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை, அந்த அணி கலைந்தது. தேசிய அணிப் பயிற்றுவிப்பாளருக்கு ஆண்டில் சில வாரங்கள்தான் ஆட்டக்காரர்கள் கையில் கிடைக்கிறார்கள். மற்ற நாளெல்லாம் அவரவர் கிளப்பில், அவரவர் பொறுப்பில். அந்த நாள்களைப் பற்றி நீ எழுதுவதே இல்லை.

சுந்தரமூர்த்தி என்ற பெயருக்கு ஏன் இவ்வளவு கோபப்படுகிறேன் என்று உன் தாத்தாவைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். மலேசியக் கிண்ண ஆட்ட நாளில் பேருந்தில் இடம் கிடைக்காது. நாங்கள் இருவரும் சிராங்கூன் சாலையிலிருந்து காலாங்குக்கு நடந்தே போவோம். 1993-ல் புருணைக்கு எதிரான ஆட்டத்தில் சுந்தரமூர்த்தி அந்தரத்தில் புரண்டு தலைக்கு மேலே காலை வீசி அடித்த கோலை இருவரும் சேர்ந்துதான் பார்த்தோம். உன் தாத்தா அதிகம் பேசாதவர். அன்று எழுந்து நின்று, பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத மலாய்க்காரரைக் கட்டிக்கொண்டார். நம் பையன், நம் பெயர், சுவிட்சர்லாந்தின் பாசல் கிளப் வரை போய் ஆடிவந்தவன் என்ற பெருமை எங்களுக்கு எவ்வளவு பெரிது என்பதை இன்று உனக்கு விளக்குவது கடினம். அதற்கு முந்தைய தலைமுறையில், எஸ். ராஜகோபால் மூலையிலிருந்து வளைத்து அடிக்கும் உதையை அடித்துப் பார்க்காத பையன் ஃபேரர் பார்க் திடலில் கிடையாது. நானும் மாலை முழுவதும் அடித்துப் பார்த்திருக்கிறேன். யாரும் சொல்லித்தரவில்லை. பயிற்றுவிப்பாளர் என்று ஒருவர் அங்கே இருந்ததும் இல்லை. பெரியவர்கள் ஆடிமுடித்துத் திடல் காலியாகும்வரை காத்திருந்து, இருட்டும்வரை ஒரே உதையைத் திரும்பத் திரும்பப் பழகினோம். காலுக்கு வருகிற பாடத்தில் பாதி அப்படித் தனியாகத்தான் வரும். அந்தப் பாதிக்கு ஆட்டக்காரர்தான் பொறுப்பு.

1977-ஐ எடுத்துக்கொள். அந்த ஆண்டு மெர்டேக்கா அரங்கில் பினாங்கை 3-2 என்று வென்று மலேசியக் கிண்ணத்தைக் கொண்டுவந்த அணியின் பயிற்றுவிப்பாளர் சூ செங் குவீ. ‘அங்கிள்’ என்றுதான் எல்லாரும் அழைப்பார்கள். கண்டிப்புக்குப் பெயர்போனவர். ஆனால் அந்தக் கண்டிப்பை ஏற்று ஓடியவர்கள் இருந்ததால்தானே அது வேலை செய்தது? தற்காப்பின் நடுவில் நின்ற அணித்தலைவர் சமது அல்லாபிச்சை, கூடுதல் நேரத்தில் வெற்றிக் கோலைப் போட்ட குவா கிம் சோங் இருவரையும் விட்டுவிட்டு அங்கிளை மட்டும் எழுதினால் அது அரை வரலாறு.

வெளியூர்க் கதை ஒன்றும் சொல்கிறேன். 2016-ல் லெஸ்டர் சிட்டி இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கை வென்றது. கிளாடியோ ரனியேரியைத் தெய்வம்போல் கொண்டாடினார்கள். ஒன்பது மாதம் கழித்து, 2017 பிப்ரவரியில், தோல்விகளுக்குப் பிறகு அவரை நீக்கினார்கள். நீக்கிய சில நாளில் அதே ஆட்டக்காரர்கள் லிவர்பூலை 3-1 என்று வென்றார்கள். ஒரே வாரத்தில் யாரும் புதிதாகக் காற்பந்து கற்றுக்கொள்ள முடியாது. முந்தைய வாரங்களில் ஓடாத ஓட்டத்தை அன்று ஓடினார்கள். அதை அவர்களிடம் கேட்க வேண்டும், ரனியேரியிடம் அல்ல.

நம் ஊரிலும் அப்படி ஒரு வாரம் உண்டு. 2024 ஜூன் 6 அன்று சொந்த அரங்கில் தென்கொரியாவிடம் 0-7 என்று தோற்றோம். ஐந்து நாள் கழித்து, தாய்லாந்து மூன்று கோல் வித்தியாசத்தில் வென்றால் சீனாவை வெளியேற்றிவிடலாம் என்ற நிலையில், அவர்கள் மண்ணில் ஆடினோம். நம் கோல்காப்பாளர் ஹசான் சன்னி பதினொரு முறை பந்தைத் தடுத்தார். 1-3 என்று தோற்றாலும் தாய்லாந்துக்கு அந்த மூன்று கோல் வித்தியாசம் கிடைக்கவில்லை. சீன ரசிகர்கள் தெம்பனீசில் அவருடைய நாசி லெமாக் கடையைத் தேடிவந்து வரிசை பிடித்தார்கள். இரண்டு ஆட்டத்துக்கும் பயிற்றுவிப்பாளர் ஒகுராதான். உன் கட்டுரையில் ஒகுராவின் 0-7 இருக்கிறது. ஹசான் இல்லை.

அடுத்த குறை இதைவிட ஆழமானது. 2023 மே மாதம் நோம்பென்னில், தென்கிழக்காசிய விளையாட்டுகளில், 22 வயதுக்குட்பட்டோர் அணி மலேசியாவிடம் 0-7 என்று தோற்றதைப் பற்றி எழுதும்போது, “பிள்ளைகளை என்ன சொல்வது?” என்று கேட்டிருக்கிறாய். கனிவாக எழுதியதாக நினைக்கிறாய். எனக்கு அது அவமரியாதையாகப் படுகிறது. அந்த வயதில் நம் ஊர்ப் பையன்கள் முகாமில் துப்பாக்கி ஏந்தி நிற்கிறார்கள். பலதுறைத் தொழிற்கல்லூரியை முடித்துச் சம்பாதிக்கிறார்கள். நாட்டின் சின்னத்தை மார்பில் அணிந்து ஆடுகிறவரைப் பிள்ளை என்று சொல்லி ஒதுக்கிவிட்டால், நாளை அவர் கோல் போடும்போது வீரர் என்று எந்த வாயால் சொல்வாய்? பழி சேராதவருக்குப் புகழும் சேராது. விழுந்த ஏழு கோலில் ஒன்றையாவது நீ விவரித்திருக்க வேண்டும். பந்து எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, பக்கத்தில் யார் நின்றார், அவர் பந்தைப் பார்த்தாரா, தன் ஆளைப் பார்த்தாரா? அவ்வளவு எழுதியபின் அவர்மேல் இரக்கம் காட்டு. அந்த இரக்கத்துக்கு மதிப்பு உண்டு.

பயிற்றுவிப்பாளரை விட்டுவிடு என்று சொல்லவில்லை. யாரைத் தேர்ந்தார், எங்கே நிறுத்தினார், எப்போது மாற்றினார் என்ற மூன்றுக்கும் அவர் பதில் சொல்ல வேண்டும். ஒரே பக்கத்திலிருந்து அடுத்தடுத்துக் கோல் விழுந்தும் அங்கே ஆளை மாற்றாமல் நின்றால், எந்த நிமிடம் என்று குறித்து எழுது. கேவின் லீக்குச் சேரவேண்டிய புகழையும் அதேபோல் குறித்து எழுது. ஆனால் குறுக்கே வரும் பந்தில் தன் ஆளைத் தொலைக்கும் தற்காப்பாளர், எட்டு வயதில் படித்த பாடத்தை 85-ஆம் நிமிடத்தில் மறக்கிறார். அதை வெளியே நிற்கிறவர் தலையில் கட்டாதே. ஹாரிஸ் ஹாருன் 2007-ல் 16 வயதில் தேசிய அணிக்கு ஆடினார். அவ்ராமோவிச் தொடங்கி கேவின் லீ வரை எத்தனையோ பயிற்றுவிப்பாளர்கள் வந்துபோனார்கள், அவர் அணித்தலைவராக நின்றார். சோங் உய்-யங் கொரியாவிலிருந்து பதின்ம வயதில் இங்கே வந்து, 2021-ல் நம் குடிமகனாகி, 2025 அக்டோபரில் கோவாவில் இந்தியாவுக்கு எதிராக இரண்டு கோல் போட்டார். நம் அணியின் கதை இவர்களுடைய கதை. இதை எழுதாமல் பதவிக்கு வந்தவர், போனவர் பட்டியலை எழுதிக்கொண்டிருக்கிறோம்.

இவ்வளவு திட்டியபின் இதையும் சொல்ல வேண்டும். 2021 டிசம்பர் 25 இரவைப் பற்றி நீ எழுதிய பத்தி இருக்கிறதே, தமிழில் அப்படி ஒரு காற்பந்துப் பத்தியை என் வாழ்நாளில் நான் வாசித்ததில்லை. இந்தோனீசியாவுக்கு எதிரான அரையிறுதி, நாம் ஒன்பது பேர், 2-2, ஆட்டம் முடியும் நேரத்தில் பெனால்டி. ஃபாரிஸ் ரம்லி பந்தை வைத்துவிட்டுப் பின்னால் நடக்கும்போது அவர் ஒருமுறைகூட கோல்காப்பாளரைப் பார்க்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். உதை தடுக்கப்பட்டபின் முதலில் அவரிடம் ஓடிவந்தது யார் என்று கவனித்திருக்கிறாய். ஹசான் வெளியேற்றப்பட்டதும் இக்ஸான் ஃபாண்டி கையுறையை மாட்டிக்கொண்டு கம்பத்துக்கு நடுவே போய் நின்றதை ஒரே வாக்கியத்தில் கண்முன் நிறுத்திவிட்டாய். யார் மேலும் அங்கே நீ பழி போடவில்லை, யாரையும் மறைக்கவும் இல்லை. அந்தப் பத்தியை எழுதிய கைக்கு எதையும் எழுத வரும். அதனால்தான் மற்றப் பக்கங்கள்மேல் எனக்கு இவ்வளவு கோபம்.

ஒரு வேலை செய். ஜாலான் புசாரில் அடுத்த லீக் ஆட்டத்துக்குப் போ. பந்தைப் பார்க்காதே. ஒரு தற்காப்பாளரைத் தேர்ந்துகொண்டு 90 நிமிடமும் அவரை மட்டும் பார். பந்து இல்லாதபோது எங்கே நிற்கிறார், யாரிடம் பேசுகிறார், களைத்தபின் எதை முதலில் விடுகிறார் என்று குறித்துக்கொள். ஆட்டம் முடிந்ததும் அவரிடமே போய்க் கேள். அவர் சொல்வதையும் நீ பார்த்ததையும் அருகருகே வைத்து, அவர் பெயரோடு எழுது. பயிற்றுவிப்பாளரின் பெயர் கடைசிப் பத்திவரை வரக்கூடாது.

2027-ல் சவூதி அரேபியாவில் ஆசியக் கிண்ணம். அங்கே பெரிய அணிகளிடம் தோற்க நேரலாம். அன்று இரவே பயிற்றுவிப்பாளரை நீக்கச் சொல்லி எழுதப் பலர் இருப்பார்கள், அந்தக் கூட்டத்துக்கு நீ தேவையில்லை. எந்த நிமிடத்தில், யார் காலில், எதனால் அந்த ஆட்டம் நழுவியது என்று எழுத ஒருவர் வேண்டும். அது நீயாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

அன்புடன்,
உன் தாத்தாவின் நண்பன்