வெட்கம் பெரிதா? உயிர் பெரிதா?

பெங்களூரில் பிரேசர் டவுன் என்று ஒரு பகுதி இருக்கிறது. 1898-ஆம் ஆண்டு பெங்களூரில் பிளேக் நோய் பரவியது. நெருக்கமான தெருக்களில் நிறையப் பேர் இறந்தார்கள். அதன் பிறகு, காற்றோட்டமான வீடுகள் கட்டப் புதிய பகுதிகளை உண்டாக்கினார்கள். அப்படி 1910-ஆம் ஆண்டு வாக்கில் உருவானதுதான் பிரேசர் டவுன். ஸ்டூவர்ட் பிரேசர் என்ற ஆங்கிலேய அதிகாரியின் பெயரை அதற்கு வைத்தார்கள். பின்னாளில் புலிகேசி நகர் என்று பெயர் மாறியது. ஆனாலும் மக்கள் பிரேசர் டவுன் என்றே சொல்கிறார்கள்.

இங்கே தமிழ் பேசுவோர் நிறைய உண்டு. உருதுவும் கன்னடமும் ஆங்கிலமும் காதில் விழும். கார் வைத்துப் பிழைப்பவர்களும் இருக்கிறார்கள். பழைய காரை வாங்கி வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். பழைய உதிரிப் பாகம் வேண்டுமா? பக்கத்தில் சிவாஜி நகர் இருக்கிறது. புதிய பாகம் வேண்டுமா? ஜே.சி. ரோட்டுக்குப் போகலாம். இப்படி எல்லாம் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தால் என்ன தோன்றும்? "மெக்கானிக் எதற்கு? நாமே பார்த்துக்கொள்ளலாமே" என்று தோன்றும்.

அது நல்ல எண்ணம்தான். காசு மிச்சமாகும். தொழிலும் கைவரும். ஆனால் அரைகுறையாகத் தெரிந்துகொண்டு கை வைத்தால் என்ன நடக்கும்? சில நேரம் ஊர் சிரிக்கும். சில நேரம் உயிரே போகும். இரண்டையும் இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

பெட்ரோல் இல்லாத கார்

ஒருவருடைய கார் காலையில் கிளம்பவில்லை. அவர் பானெட்டைத் திறந்தார். பிளக்குகளைக் கழற்றித் துடைத்தார். கார்புரேட்டரைப் பிரித்தார். பேட்டரியை மாற்றிப் பார்த்தார். வெயில் ஏறிவிட்டது. தெருவில் நாலு பேர் கூடிவிட்டார்கள். அப்போது பள்ளிக்கூடம் போகும் ஒரு பையன் கேட்டான்: "அங்கிள், பெட்ரோல் இருக்கா?"

டாங்க் காலி! முள் மட்டும் பாதி டாங்க் இருப்பதாகக் காட்டிக்கொண்டு நின்றது. பழைய வண்டிகளில் முள் இப்படிச் சிக்கிக்கொள்வது உண்டு.

இதில் ஆபத்து இல்லை. அசடு வழிந்ததோடு சரி. ஆனால் பாடம் இருக்கிறது. முதலில் எளிய காரணத்தைப் பாருங்கள். பெட்ரோல் இருக்கிறதா? பேட்டரி ஒயர் தளர்ந்திருக்கிறதா? இவற்றைப் பார்த்த பிறகுதான் ஸ்பேனரை எடுக்க வேண்டும்.

எந்த நட்டு?

எஞ்சின் ஆயில் மாற்றுவது சுலபமான வேலை. அடியில் உள்ள டிரெயின் நட்டைக் கழற்ற வேண்டும். பழைய ஆயில் வடிந்துவிடும். நட்டை மறுபடி முடுக்க வேண்டும். மேலே புதிய ஆயிலை ஊற்ற வேண்டும்.

இதில் இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கின்றன.

ஒன்று, கீழே நட்டைப் போட மறந்துவிட்டு மேலே ஆயில் ஊற்றுவது. புதிய ஆயில் அப்படியே தரையில் ஓடும். காசு போகும். தரையும் பாழாகும்.

இரண்டாவது தவறு மோசமானது. மாருதி 800 போன்ற கார்களில் எஞ்சினுக்கு ஒரு டிரெயின் நட்டு உண்டு. கியர் பெட்டிக்குத் தனியாக ஒன்று உண்டு. தெரியாதவர் கியர் பெட்டி நட்டைக் கழற்றிவிடுவார். கியர் ஆயில் முழுதும் வடிந்துவிடும். பிறகு எஞ்சினில் புதிய ஆயிலை ஊற்றுவார். இப்போது எஞ்சினில் இரண்டு மடங்கு ஆயில். கியர் பெட்டியில் ஒரு சொட்டும் இல்லை. வண்டி சிறிது தூரம் போகும். பிறகு கியர் பெட்டி ஊளையிடும். பற்கள் தேய்ந்து பாழாகும்.

இதைத் தவிர்க்க ஒரு வழி உண்டு. ஆயில் வடிந்த பிறகு டிப் ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். டிப் ஸ்டிக் என்பது எஞ்சின் ஆயிலின் அளவு காட்டும் கம்பி. அதில் ஆயில் குறையவே இல்லையா? அப்படியானால் நீங்கள் கழற்றியது வேறு நட்டு. புதிய ஆயிலை ஊற்றாதீர்கள். வண்டியைக் கிளப்பாதீர்கள்.

பழைய ஆயிலைச் சாக்கடையில் கொட்டவும் கூடாது. அது தண்ணீரைக் கெடுக்கும். டப்பாவில் பிடித்து, பழைய ஆயில் எடுப்பவர்களிடம் கொடுங்கள்.

ஜாக்கியை நம்பாதே

டயர் பஞ்சர் ஆகிவிட்டது. சிலர் முதலில் ஜாக்கி போட்டு வண்டியைத் தூக்கிவிடுவார்கள். பிறகு வீல் நட்டைத் திருகுவார்கள். என்ன ஆகும்? நட்டு கழலாது. சக்கரம்தான் சுற்றும். பலமாக இழுத்தால் ஜாக்கி சரிந்துவிடும்.

சரியான முறை இதுதான். வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக் போடுங்கள். மற்ற சக்கரங்களுக்கு முட்டுக்கல் வையுங்கள். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைச் சற்றுத் தளர்த்துங்கள். அதன் பிறகு தூக்குங்கள். ஸ்டெப்னியை மாட்டிய பின் நட்டுகளை எதிரெதிராக முடுக்குங்கள். வண்டியை இறக்கிய பின் மறுபடி ஒரு முறை நன்றாக முடுக்குங்கள். சிறிது தூரம் ஓட்டிய பிறகு இன்னொரு முறை பாருங்கள்.

இன்னொன்றை மறக்கவே கூடாது. காரோடு வரும் ஜாக்கி டயர் மாற்ற மட்டுமே. ஜாக்கியில் நிற்கும் வண்டிக்கு அடியில் ஒருபோதும் படுக்காதீர்கள். கைக்கு எட்டாமல் உருண்டுபோன ஒரு நட்டை எடுக்கக்கூட அடியில் நுழையாதீர்கள். நட்டு சில ரூபாய்க்குக் கிடைக்கும். உயிர் கிடைக்காது. அடியில் வேலை இருந்தால் உறுதியான இரும்பு ஸ்டாண்டு வேண்டும். செங்கல்லை அடுக்கி அதன் மேல் வண்டியை நிறுத்தக் கூடாது. செங்கல் நொறுங்கிவிடும்.

குக்கரும் ரேடியேட்டரும்

சமையலறையில் குக்கர் இருக்கிறது. ஆவி அடங்கும் முன் மூடியைத் திறப்போமா? மாட்டோம். ரேடியேட்டரும் அப்படித்தான். எஞ்சின் ஓடும்போது உள்ளே தண்ணீர் சூடாகும். மூடி இறுக்கமாக இருப்பதால் அழுத்தம் கூடும். அழுத்தம் கூடினால் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்ததும் அழுத்தம் போய்விடும். தண்ணீர் அந்த நொடியே கொதித்துப் பீறிடும். முகம், கை, மார்பு எல்லாம் வெந்துவிடும்.

வண்டி சூடேறினால் ஓரமாக நிறுத்துங்கள். எஞ்சினை அணையுங்கள். நன்றாக ஆறும் வரை காத்திருங்கள். அதன் பிறகு கனமான துணியை மூடியின் மேல் போட்டு மெல்லத் திறங்கள். "கஸ்டமர் காத்திருக்கிறார்" என்று அவசரப்பட வேண்டாம். பதறாத காரியம் சிதறாது.

பேட்டரி ஒயர்

பேட்டரியில் இரண்டு முனைகள் உண்டு. ஒன்றில் + குறி இருக்கும். மற்றதில் − குறி இருக்கும். பெரும்பாலான கார்களில் − முனை வண்டியின் உடலோடு சேர்ந்திருக்கும். கழற்றும்போது முதலில் − முனையைக் கழற்ற வேண்டும். மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்ட வேண்டும்.

ஏன்? + முனையை முதலில் கழற்றினால் ஸ்பேனர் வண்டியின் இரும்பில் படலாம். உடனே பெரிய தீப்பொறி பறக்கும். ஸ்பேனர் பழுக்கக் காயும். கையில் மோதிரம் இருந்தால் அதுவும் காய்ந்து விரலைச் சுட்டுவிடும். பேட்டரியிலிருந்து எரியும் வாயு வரும். எனவே அதன் பக்கத்தில் பீடியும் தீக்குச்சியும் கூடாது.

மறைத்தால் என்ன ஆகும்?

ஒரு கதை கேளுங்கள். பிரேசர் டவுனில் ஒரு டாக்சி ஓட்டுநர். மறுநாள் விடியற்காலை அவருக்கு மைசூருக்குச் சவாரி. குழந்தைகளோடு ஒரு குடும்பம் வருகிறது. இரவில் பானெட்டைத் திறந்து பார்த்தார். பிரேக் ஆயில் குறைந்திருந்தது. மூலையில் இருந்த டப்பாவை எடுத்து ஊற்றினார். டார்ச் பிடித்துக்கொண்டிருந்த மனைவி டப்பாவை எடுத்துப் படித்தார்.

"ஏங்க, இதுல எஞ்சின் ஆயில்னுல்ல போட்டிருக்கு?"

ஓட்டுநருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"மெதுவாப் பேசு. இருபது வருஷமா வண்டி ஓட்டுறேன். வெளியே தெரிஞ்சா சிரிப்பாங்க. கொஞ்சம்தானே ஊத்தினேன்?"

"சிரிச்சா சிரிச்சுட்டுப் போகட்டும். நாளைக்கு உங்களை நம்பிப் பிள்ளைங்க ஏறப் போகுது. மெக்கானிக் அண்ணனைக் கூப்பிடுங்க."

பக்கத்துத் தெருவில் இருந்த வயதான மெக்கானிக் வந்தார். சிரிக்கவில்லை. முதலில் ஒரு கேள்வி கேட்டார்.

"ஊத்தின பிறகு பிரேக்கை மிதிச்சியாப்பா?"

"இல்லண்ணா."

"பிழைச்சே. பிரேக்குக்குள்ள ரப்பர் வாஷர் இருக்கு. எஞ்சின் ஆயில் பட்டா அது ஊதிப் போகும். அப்புறம் பிரேக் பிடிச்சாப் பிடிக்கும், பிடிக்காட்டிப் போகும். மலைச் சரிவுல இறங்கும்போது மிதிச்சா சும்மா உள்ளே போகும். என்ன பண்ணுவே?"

ஓட்டுநர் பேசவில்லை. மெக்கானிக் தொடர்ந்தார்.

"இன்னொண்ணு கேட்டுக்கோ. பிரேக் ஆயில் சும்மா குறையாது. பேடு தேஞ்சிருக்கணும். இல்லேன்னா எங்கேயோ கசியணும். ஊத்தி நிரப்பிட்டா சரியாப் போச்சுன்னு நினைக்காதே."

காலையில் அவர் நான்கு சக்கரங்களையும் பார்த்தார். பின் சக்கரம் ஒன்றில் கசிவு இருந்தது. பழைய ஆயிலை எல்லாம் வெளியேற்றினார். கசிந்த பாகத்தை மாற்றினார். புதிய பிரேக் ஆயில் ஊற்றினார். அந்தச் சவாரியை வேறொரு டாக்சிக்காரர் எடுத்துக்கொண்டார். ஒரு நாள் வருமானம் போனது.

அன்று இரவு வெட்கப்பட்டு மறைத்திருந்தால்? எஞ்சின் ஆயிலும் உள்ளே இருந்திருக்கும். கசிவும் யாருக்கும் தெரிந்திருக்காது.

பிரேக் ஆயில் மூடியைப் பாருங்கள். ஆங்கிலத்தில் டாட் என்று எழுதி, பக்கத்தில் 3 அல்லது 4 என்று எண் இருக்கும். டப்பாவிலும் அதே எண் இருக்கிறதா என்று படித்துப் பார்த்து ஊற்றுங்கள். நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

ஆனைக்கும் அடி சறுக்கும்

கோவை ஜி.டி. நாயுடுவின் பெயரைக் கேட்டிருப்பீர்கள். அவர் 1893 முதல் 1974 வரை வாழ்ந்தார். இளம் வயதில் உழைத்துக் காசு சேர்த்து ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினார். அதைப் பிரித்துப் பிரித்து மாட்டியே எந்திரம் கற்றார். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் ஓட்டத் தொடங்கினார். பிறகு பல கருவிகளை உருவாக்கினார்.

ஜெர்மனியில் பெர்தா பென்ஸ் என்று ஒரு பெண் இருந்தார். 1888-இல் தம் கணவர் செய்த காரில் இரண்டு மகன்களோடு சுமார் 100 கிலோமீட்டர் போனார். அதற்கு முன் காரில் அவ்வளவு தூரம் போனவர் இல்லை. வழியில் பெட்ரோல் போகும் குழாய் அடைத்துக்கொண்டது. தம் தொப்பியில் குத்தும் ஊசியால் அடைப்பை எடுத்தார். பிரேக் தேய்ந்தது. செருப்புத் தைப்பவரிடம் போய் அதில் தோல் வைத்துத் தரச் சொன்னார். உதவி கேட்க அவர் கூச்சப்படவில்லை.

நாமும் கற்கலாம். எதையாவது கழற்றும் முன் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு துணி விரியுங்கள். கழற்றிய வரிசையில் பாகங்களை வையுங்கள். கடைசியில் கழற்றியதை முதலில் மாட்டுங்கள். வேலை முடிந்த பின் கையில் ஒரு நட்டு மிச்சமா? "இது தேவையில்லாத நட்டு" என்று தூக்கிப் போடாதீர்கள். அது எங்கோ ஓர் இடத்துக்கு உரியது.

எதில் கை வைக்கக் கூடாது என்பதும் தெரிய வேண்டும். பிரேக், ஸ்டியரிங் இவற்றைத் தெரிந்தவர் துணையில்லாமல் தொடாதீர்கள். மின்சாரக் காரில் ஆரஞ்சு நிற ஒயர் இருக்கும். அதில் உயிரைப் பறிக்கும் மின்சாரம் உண்டு. அதன் பக்கமே போகாதீர்கள்.

தவறு செய்யாதவர் யாரும் இல்லை. தவறைச் சொன்னால் ஒரு நாள் சிரிப்பார்கள். மறைத்தால் பல நாள் அழ நேரிடும்.

விடை எழுதுங்கள்

1. பிரேசர் டவுன் ஏன் உருவானது?
2. வீல் நட்டை எப்போது தளர்த்த வேண்டும்?
3. சூடான ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் என்ன ஆகும்?
4. பிரேக் ஆயில் குறைவதற்கு இரண்டு காரணங்கள் எவை?

கோடிட்ட இடத்தை நிரப்புங்கள்

1. பேட்டரியில் முதலில் கழற்ற வேண்டியது ______ முனை.
2. எஞ்சின் ஆயிலின் அளவைக் காட்டும் கம்பி ______.
3. ஜாக்கி ______ மாற்ற மட்டுமே.

கூடிப் பேசுங்கள்

டாக்சி ஓட்டுநரின் மனைவி டப்பாவைப் படிக்காமல் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? உங்கள் வீட்டில் ஒரே மாதிரித் தோன்றும் டப்பாக்கள், பாட்டில்கள் எவை? அவற்றின் மேல் என்ன எழுதியிருக்கிறது? இன்று மாலையே எடுத்துப் படித்துப் பாருங்கள்.