சோலார் தகட்டைத் துடைக்கத் தண்ணீர் போதும்



இந்தப் பகுதியில் வழக்கமாக டிங்கிக் காய்ச்சல், இனிப்புநீர், இரத்த அழுத்தம் என்று பேசுவோம். இம்முறை கூரைமேல் இருக்கும் சோலார் தகட்டைப் பற்றி எழுதுகிறேன். "டிரசருக்கும் சோலாருக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது.

சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை காலை, ஒரு பெரியவரை அவர் மகன் மோட்டார் சைக்கிளில் வைத்து எங்கள் தோட்ட மருந்தகத்துக்குக் கொண்டுவந்தார். பெரியவர் முப்பது வருடம் செம்பனைக் குலை வெட்டியவர். ஓய்வு பெற்று, குளுவாங் பக்கம் ஒரு தாமானில் மகன் வீட்டில் இருக்கிறார். இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு, "டிரசரையா, கண்ணு எரியுதே, கண்ணு போயிடுச்சா?" என்று கேட்டார்.

நடந்தது இதுதான். மகன் ஆசையாகப் போட்ட சோலார் தகட்டில் பறவை எச்சம் காய்ந்து கிடந்திருக்கிறது. சும்மா இருக்க மனமில்லாத பெரியவர், குலை வெட்டும் அலுமினியக் கழியில் அரிவாளைக் கழற்றிவிட்டுத் துணியைச் சுற்றி, கழிவறை கழுவும் ஆசிட்டில் நனைத்து, கீழே நின்றபடி மேலே பார்த்துத் துடைத்திருக்கிறார். ஆசிட் கழி வழியாக வழிந்து முழங்கைக்கு வந்தது. ஒரு துளி கண்ணில் விழுந்தது. மேலே பார்த்துத் துடைக்கிறவனுக்கு முதல் துளி கண்ணில்தான் விழும்.

கண்ணைக் கழுவக் கழுவ, "என்ன மருந்து ஊத்தினீங்க?" என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. கடையில் வாங்கிய ஆசிட்டைக் குடிநீர்ப் போத்தலில் ஊற்றி வைத்திருந்தார்கள், பெயர்த்தாள் இல்லை. கழுவி முடித்து, மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்பினேன். பார்வை தப்பியது. ஆனால் அந்தக் கண்ணில் இன்றும் ஒரு மங்கல் இருக்கிறது. தகடும் சுத்தமாகவில்லை, சட்டத்தில் வெள்ளை வெள்ளையாக அரித்துப் போயிருந்தது.

2021 முதல் 2025 ஜூன் வரை நடந்த மூன்றாவது நெட் மீட்டரிங் திட்டத்தில் நாட்டில் நிறைய வீடுகள் சோலார் போட்டுக்கொண்டன. தோட்டத்தை விட்டுத் தாமானுக்குப் போன நம் பிள்ளைகளின் வீடுகளும் அவற்றில் உண்டு. ஆகவே இந்தப் பாடம் நமக்கும் தேவைப்படுகிறது.

அழுக்கு எவ்வளவு நட்டம் தரும்?

முதலில் கணக்கைப் பார்ப்போம். நான்கு கிலோவாட் தகடு உள்ள வீட்டில் மாதம் ஏறக்குறைய 400 யூனிட் மின்சாரம் கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். அழுக்கினால் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைந்தாலும் போவது 20 யூனிட்; பத்துப் பன்னிரண்டு வெள்ளிக்குள் அடங்கும். கூரையிலிருந்து விழுந்து கால் முறிந்தால் மூன்று மாதம் வேலை போகும். கண் போனால் திரும்பி வராது. இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ஜொகூரில் நல்ல மழை உண்டு. சாய்வாகப் பொருத்திய தகட்டைப் பெரும்பாலும் மழையே கழுவிவிடும். மழைக்கும் போகாமல் நிற்பவை சில: காய்ந்த பறவை எச்சம், கீழ் ஓரத்தில் படியும் பாசி, செம்மண் சாலையின் புழுதி, செம்பனை ஆலைப் பக்கம் படியும் கரி, பல நாள் மழை இல்லாத புகைமூட்டக் காலத்துத் தூசி. இவற்றுக்கும் தண்ணீரும் பொறுமையும் போதும்.

தகடு எதனால் ஆனது?

மேலே இருப்பது கெட்டிப்படுத்திய கண்ணாடி. வெயில் பட்டுத் திரும்பிப் போகாமல் இருக்க, அதன்மேல் மெல்லிய பூச்சு ஒன்று பூசியிருப்பார்கள். தலைமயிரின் பருமனில் நூற்றில் ஒரு பங்குகூட இராது. சுற்றிலும் அலுமினியச் சட்டம். கண்ணாடியும் சட்டமும் சேரும் இடத்தில் மழைநீர் புகாமல் அடைத்த ரப்பர் போன்ற பசை. ஆசிட்டும் காரமும் பூச்சையும் அலுமினியத்தையும் அரிக்கும். தைனரும் மண்ணெண்ணெயும் பசையைக் கெடுக்கும். பசை விட்டுப்போனால் உள்ளே தண்ணீர் புகும்; தண்ணீர் புகுந்த தகட்டில் மின்சாரம் கசியும். கண்ணை எரிக்கும் பொருள்தான் தகட்டையும் கெடுக்கிறது என்பதைக் கவனியுங்கள். ஒன்றைக் காப்பாற்றினால் இரண்டையும் காப்பாற்றியதாகும்.

வேண்டவே வேண்டாத பொருள்கள்

1. கழிவறை ஆசிட், மொசைக் கழுவும் ஆசிட், துருப் போக்கும் மருந்து. துருப் போக்கும் மருந்துகள் சிலவற்றில் ஹைட்ரோஃபுளோரிக் ஆசிட் இருக்கும். அது பட்ட உடனே எரியாமல் இருக்கக்கூடும்; ஆனால் தோலுக்குள் இறங்கி எலும்புவரை கெடுக்கும். கண்ணாடியையும் அரிக்கும்.

2. குளோராக்ஸ் போன்ற வெளுப்பு மருந்து. போத்தலில் மலாயில் 'பெலுந்துர்' என்று போட்டிருக்கும்.

3. அடுப்பு எண்ணெய்ப் பிசுக்கு நீக்கும் காரம், அமோனியா கலந்த கண்ணாடி மருந்து, தைனர், மண்ணெண்ணெய், பெட்ரோல்.

4. பாத்திரம் தேய்க்கும் பொடி, கம்பி நார், பச்சை நார், தேங்காய் நார், கத்தி, சுரண்டி. இவை போடும் கீறலில் அழுக்கு இன்னும் இறுகப் பிடிக்கும்.

5. கார் கழுவும் வாட்டர் ஜெட். அதன் வேகம் பசையைப் பிய்த்து, இணைப்புகளுக்குள் தண்ணீரை ஏற்றிவிடும்.

6. தோட்டத்தில் களைக்கு மருந்து அடிக்கும் முதுகுப் பம்பு. "நல்லா கழுவிட்டேன், டிரசரே" என்று சொல்லாதீர்கள். குழாயிலும் வாஷரிலும் மருந்து ஒளிந்திருக்கும். மேலே பீய்ச்சினால் காற்றில் உங்கள் முகத்துக்கே வரும். கூரைத் தண்ணீரைத் தோம்பில் பிடித்து மிளகாய்ச் செடிக்கு ஊற்றுகிறவர்கள் இதை இன்னும் கவனிக்க வேண்டும்.

இவற்றுள் எதையும் எதனோடும் கலக்காதீர்கள். குளோராக்ஸும் ஆசிட்டும் சேர்ந்தால் குளோரின் வாயு எழும்பும். குளோராக்ஸும் அமோனியாவும் சேர்ந்தாலும் நச்சு வாயுதான். தொட வேண்டியதில்லை, மூச்சு விட்டாலே போதும். நம் ஜொகூரில் 2019 மார்ச்சில் என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் திருட்டுத்தனமாகக் கொட்டிய இரசாயனக் கழிவின் ஆவியால் பள்ளிப் பிள்ளைகள் உட்பட ஆயிரக்கணக்கானவர்கள் சிகிச்சை பெற்றார்கள். 111 பள்ளிகளை மூட வேண்டியதாயிற்று. அந்தப் பிள்ளைகள் யாரும் கழிவைக் கையால் தொட்டவர்கள் அல்லர்.

போத்தலைப் படிக்கப் பழகுங்கள்

சிவப்புக் கோடு போட்ட சாய்சதுரத்துக்குள், ஒரு கையின் மேல் துளி விழுந்து அரிப்பதுபோல் படம் இருந்தால் அது தோலையும் கண்ணையும் தின்னும் பொருள். 'பஹாயா' என்றால் ஆபத்து. 'அமாரான்' என்றால் எச்சரிக்கை. எழுத்துத் தெரியாத பாட்டிக்கும் அந்தப் படத்தைக் காட்டிக் கொடுங்கள்.

எந்த மருந்தையும் வாங்கிய போத்தலிலேயே வையுங்கள். களைக்கொல்லியை, முக்கியமாகப் பாராகுவாட்டை, சோடாப் போத்தலில் ஊற்றி வைத்ததால் எத்தனை குடும்பம் அழுதது என்பது தோட்டத்தில் வாழ்ந்த எல்லாருக்கும் தெரியும். 2020 ஜனவரி முதல் பாராகுவாட் நம் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. ஆனால் போத்தல் மாற்றும் பழக்கம் நம்மை விட்டுப் போகவில்லை.

அப்படியானால் எதை வாங்குவது?

ஒரு வாளி, ஒரு மென்மையான ஸ்பாஞ்சு அல்லது மைக்ரோஃபைபர் துணி, தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் சாதாரண ரப்பர் குழாய், மென்மையான தூரிகை பொருத்திய நீளமான கழி. இவ்வளவுதான். கழி ஃபைபர் கிளாஸாக இருக்கட்டும். அலுமினியக் கழியில் மின்சாரம் பாயும். செம்பனை வெட்டும்போது கழி மின்கம்பியில் பட்டு உயிர் போன கதை குலை வெட்டுகிறவர்களுக்குப் புதிதல்ல. வீட்டுப் பக்கம் டி.என்.பி. கம்பி தாழ்வாகப் போனால் எந்தக் கழியும் வேண்டாம்.

வெறும் குழாய்த் தண்ணீரே முதல் மருந்து. போகாத பிசுக்குக்கு மட்டும், 10 லிட்டர் வாளித் தண்ணீரில் பாத்திரம் கழுவும் சாதாரணத் திரவச் சவர்க்காரம் ஒரு தேக்கரண்டி போதும். பிறகு நல்ல தண்ணீர் விட்டு அலசிவிட வேண்டும். செம்மண் நிறமாக வரும் கிணற்று நீர் வேண்டாம். அதிலுள்ள இரும்பு கறையாகப் படியும்.

காய்ந்த பறவை எச்சத்தைச் சுரண்டாதீர்கள். தூள் பறந்து மூச்சில் போனால் நுரையீரல் நோய் வரலாம். குழாயால் மெதுவாக நனைத்து, பத்து நிமிடம் ஊறவிட்டு, மறுபடி நனைத்துத் துடையுங்கள். மூக்கு, வாய்க்கு முகமூடி, கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு ரப்பர் உறை போடுங்கள். வேலை முடிந்ததும் வாளியைக் கவிழ்த்து வையுங்கள். தேங்கிய தண்ணீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும்.

எப்போது, எப்படி?

காலை எட்டு மணிக்கு முன், தகடு குளிர்ந்திருக்கும்போது செய்யுங்கள். உச்சி வெயிலில் கொதிக்கும் கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் வெடித்துப் போகலாம். மழை, இடி வரும்போது கிட்டேயே போகாதீர்கள்.

தகடு பொருத்தியவர்கள் இன்வெர்ட்டர் பெட்டியருகே ஒட்டிப்போன தாளில் உள்ள வரிசைப்படி சுவிட்சுகளை அடையுங்கள். அதன் பிறகும் ஒன்றை மறக்கக்கூடாது: தகட்டை நிறுத்த சுவிட்சு கிடையாது. வெளிச்சம் படும்வரை அதில் மின்சாரம் இருக்கும். வீட்டுப் பிளக்கில் 230 வோல்ட். பத்துத் தகடுகளை வரிசையாக இணைத்தால் 400 வோல்ட் அளவுக்கு வரும். ஆகவே விரிசல் விட்ட தகட்டையும், தோல் உரிந்த வயரையும், எலி கடித்த வயரையும் தொடவோ நனைக்கவோ கூடாது. பொருத்தியவர்களைக் கூப்பிடுங்கள்.

கூரைமேல் ஏறாதீர்கள். "முப்பது வருசம் மரத்துக்குக் கீழே நின்னு ஐம்பது அடி உயரக் குலையை வெட்டினவன் நான், இது என்ன பெரிசு" என்பார்கள் நம் பெரியவர்கள். ஐயா, அங்கே நீங்கள் மண்ணில் நின்றீர்கள். இங்கே ஈர ஓட்டில் நிற்கிறீர்கள். பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரை கால் வைத்தால் உடையும். அதன் தூளும் நுரையீரலுக்குக் கேடு. தரையில் நின்று கழிக்கு எட்டாவிட்டால், பாதுகாப்புக் கயிறு மாட்டி வேலை செய்யும் ஆளுக்குக் கூலி கொடுங்கள். பிள்ளைகளே, அப்பாவை ஏணியில் ஏற விடாதீர்கள்.

விபத்து நடந்துவிட்டால்

* கண்ணில் பட்டால்: உடனே குழாயடிக்குப் போய், இமையை விரித்துப் பிடித்து, ஓடும் தண்ணீரில் குறைந்தது 20 நிமிடம் கழுவுங்கள். தாய்ப்பால், தேங்காய் எண்ணெய் எதையும் விடாதீர்கள். கழுவிய பிறகே வண்டி.

* தோலில் பட்டால்: பட்ட துணியைக் கழற்றிவிட்டு அதேபோல் கழுவுங்கள். பற்பசை தடவ வேண்டாம்.

* யாராவது குடித்துவிட்டால்: வாந்தி எடுக்க வைக்காதீர்கள்; உப்புத் தண்ணீர் கொடுக்காதீர்கள். வாயைக் கொப்பளிக்க வைத்து, அந்தப் போத்தலையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

* வாயு எழும்பினால்: எல்லாரும் வெளியே நல்ல காற்றுக்கு வந்துவிடுங்கள். போத்தலை எடுக்க உள்ளே திரும்பாதீர்கள்.

* மின்சாரம் தாக்கினால்: ஆளைத் தொடாதீர்கள். மெயின் சுவிட்சை அடையுங்கள். சோலார் வயர் இன்னும் அவர் மேல் பட்டிருந்தால் காய்ந்த மரக்கட்டையால் தள்ளுங்கள். மூச்சு இல்லையென்றால் நெஞ்சின் நடுவில், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்துங்கள்.

* விழுந்துவிட்டால்: தூக்கி உட்கார வைக்காதீர்கள். முதுகெலும்பு முறிந்திருக்கலாம். அசைக்காமல் வைத்து 999-ஐ அழையுங்கள்.

அந்தப் பெரியவர் மாதம் ஒருமுறை இரத்த அழுத்தம் பார்க்க வருகிறார். போன தடவை வந்தபோது, "இப்ப மழை வந்தா திண்ணையில உட்கார்ந்து பார்த்துக்கிட்டு இருக்கேன், டிரசரே. அதுவே கழுவுது" என்று சிரித்தார். அவர் கண்ணைக் கொடுத்துப் படித்த பாடம் இது. நீங்கள் இந்தப் பக்கத்தைப் படித்தே தெரிந்துகொள்ளுங்கள். படித்ததும் வெட்டி, மருந்துப் போத்தல்கள் இருக்கும் அலமாரிக் கதவில் ஒட்டி வையுங்கள்.