தோளுக்கு ஒரு வார், கைக்கு ஒரு வார்

புதியம்புத்தூரில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் தையல் மிஷின் சத்தம் கேட்கும். ரெடிமேட் துணி தைத்துப் பிழைக்கிற ஊர். நான் பட்டாளத்துக்குப் போய்த் திரும்பியவன் என்பதால் என் பெயரே பலருக்கு மறந்துபோய் ‘மிலிட்டரி தாத்தா’ என்றாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் என்.சி.சி. பிள்ளைகள் நாலைந்து பேர் திண்ணைக்கு வந்துவிடுவார்கள். போன வாரம் ஒரு பிள்ளை கேட்டாள்: “தாத்தா, ரைஃபிள் ஸ்லிங் வாங்கணும். எது நல்லது?”

“எதுக்கு வாங்குற? தோள்ல போடவா, சுடவா?” என்றேன். விழித்தாள். ரெண்டும் ஒன்றுதானே என்று நினைத்திருக்கிறாள். முப்பது வருசத்துக்கு முன்னால் நானும் அப்படித்தான் நினைத்தேன். அவளுக்குச் சொன்னதை மற்றவர்களுக்கும் எழுதி வைக்கிறேன். எல்லாம் வலக்கைக்காரர்களுக்குச் சொன்னது. இடக்கைக்காரர்கள் மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

1. வேண்டுமா என்று முதலில் கேள்.
10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் நின்றுகொண்டுதான் சுட வேண்டும். ஸ்லிங் கட்ட அனுமதி இல்லை. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் ஒலிம்பிக் வரை போனது அந்தப் பிரிவில்தான். நீயும் அதில்தான் தொடங்குகிறாய் என்றால் ஸ்லிங்குக்கு வைத்த காசில் நல்ல ஷூ வாங்கு. .22 ரைஃபிளில் படுத்தும் முழங்காலிட்டும் சுடுகிறவர்களுக்குத்தான் சுடுகிற ஸ்லிங். 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியிலும் முழங்காலிடும்போதும் படுக்கும்போதும் கட்டலாம், நிற்கும்போது கழற்றிவிட வேண்டும். 2024 பாரிஸில் அந்தப் போட்டியில் வெண்கலம் வாங்கிய ஸ்வப்னில் குசாலே ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். வீட்டில் துப்பாக்கி இருந்தால்தான் சுடக் கற்கலாம் என்றில்லை, அதையும் மனதில் வை.

2. சுமக்கிற வார் வேறு, பிடிக்கிற வார் வேறு.
ஸ்லிங் என்பது வார்தான். சுமக்கிற வார் தோளிலிருந்து கீழே தொங்கும் எடையைத் தாங்கும். பிடிக்கிற வார் உன் இடது மேற்கைக்கும் ரைஃபிளின் முன்கட்டைக்கும் நடுவே இழுத்துக் கட்டிய கயிறு. அந்த வார், மேற்கை, முன்கை, மூன்றும் சேர்ந்து ஒரு முக்கோணம். எடை தசையில் நிற்காமல் எலும்பு வழியாகத் தரைக்கு இறங்கிவிடும். தசை களைக்கும், நடுங்கும். எலும்புக்குக் களைப்பு கிடையாது. ஸ்லிங்கின் சூட்சுமம் இவ்வளவுதான். சில பழைய பட்டாள வார்கள் இரண்டு வேலையும் பார்த்தன. அமெரிக்கர்களின் 1907 மாடல் தோல் வாரில் துளை வரிசையும் பித்தளைக் கொக்கியும் இருக்கும். தோளில் மாட்டலாம், கையிலும் வளையமாகக் கட்டலாம். நம் .303 ரைஃபிளில் வந்த பருத்தி வாரில் அந்த ஏற்பாடு இல்லை. கையை ஒரு சுற்று சுற்றி இறுக்கிக்கொள்வோம். அவசரத்துக்கு ஆகும், போட்டிக்கு ஆகாது.

3. அகலம் பார்.
.303 நாலு கிலோவைத் தொடும். ஒரு அங்குல நாடாவில் அதைத் தொங்கவிட்டு ஒரு மைல் நடந்தால் தோள்பட்டையில் சிவப்புக் கோடு விழும். சுமக்க ஒண்ணேகால் அங்குலம், அதாவது சுமார் 32 மில்லிமீட்டர், போதும். தோளில் படுகிற இடத்தில் மட்டும் கொஞ்சம் அகலமான பட்டை இருந்தால் நல்லது. பிடிக்கிற வாருக்கு உலகப் போட்டி விதிப்படி அதிகபட்ச அகலம் 40 மில்லிமீட்டர். கையில் சுற்றுகிற வளையம் அகலமாக இருந்தால் அழுத்தம் பரவும். ஒல்லியான வார் ஒரே இடத்தில் வெட்டும்.

4. நீளுகிற பொருள் வேண்டாம்.
கடையில் உள்ளே ரப்பர் நுரை வைத்த மெத்தென்ற வார் ஒன்றைக் காட்டுவார்கள். தோளில் போட்டால் சுகமாக இருக்கும், ரைஃபிள் எடை குறைந்தது போலத் தோன்றும். சுமக்க வாங்கிக்கொள். சுட மட்டும் வாங்காதே. நீளுகிற வாரில் மூச்சுக்கு மூச்சு முனை ஏறி இறங்கும்.
நைலான் நனைந்தாலும் கெடாது, ஆனால் வழுக்கும். சட்டைத் துணி மேல் கட்டினால் மெல்ல மெல்ல முழங்கைப் பக்கம் இறங்கிவிடும். பருத்தி நாடா கையில் நன்றாகப் பிடிக்கும். ஐப்பசி மழையில் நனைந்தால் இறுகும், காய்ந்தால் வேறு நீளத்துக்கு வரும். தோல் எல்லாவற்றிலும் நல்லது, பராமரிக்கிறவனுக்கு. நம் கரிசல் காட்டுப் பங்குனி வெயிலில் எண்ணெய் காணாத தோல் கருவாடு போல விறைத்துப்போகும்.

5. தையலைப் பார். இந்த ஊர்ப் பிள்ளைக்கு அதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.
பளபளப்பைப் பார்த்து ஒருமுறை நான் ஏமாந்தேன். ஒரு முகாமில் தோளில் இருந்த வார் மடிப்பில் பிரிந்து, ரைஃபிள் கட்டை தரையில் மோதியது. காலி ரைஃபிள்தான், என்றாலும் நெஞ்சு திக்கென்றது. வீட்டுக்கு வந்து அந்த வாரை என் மனைவியிடம் காட்டினேன். இருபது வருசம் மிஷின் மிதித்தவள். கண்ணாடியைப் போட்டு ஒரு நிமிசம் பார்த்தாள். “மடிச்ச இடத்துல ஒத்த வரி ஓட்டியிருக்கான். காட்டன் நூல். ரெண்டு பக்கமும் கெட்டித் தையல் போடாம நூலை வெட்டியிருக்கான். இதுல பள்ளிக்கூடப் பை கூடத் தாங்காதே” என்றாள்.
அவள் சொன்ன கணக்கையே உங்களுக்கும் சொல்கிறேன். மடிப்பு இரண்டு அங்குலமாவது இருக்க வேண்டும். சதுரமாக ஓட்டி, உள்ளே பெருக்கல் குறி போட்டிருக்க வேண்டும். பாலியெஸ்டர் அல்லது நைலான் நூல். நாடாவின் ஓரத்தை ஒட்டித் தையல் போகக் கூடாது, ஓரம் பிய்ந்தால் தையலும் போகும். தோல் என்றால் துளைகள் நெருக்கமாக இருக்கக் கூடாது. நெருக்கமான துளை என்பது கிழிக்கிற கோடு. வாங்கும் முன் வாரைக் காலில் மிதித்து இரண்டு கையாலும் இழு. கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

6. கொக்கியும் வளையமும் பொருந்துகிறதா பார்.
ஒண்ணேகால் அங்குல வாரை ஒரு அங்குல வளையத்தில் திணித்தால் நாடா மடிந்து அறுபடும். ஒரு அங்குல வாரை அகல வளையத்தில் போட்டால் அங்குமிங்கும் ஓடிச் சத்தம் போடும். வளையத்தின் திருகை ஒவ்வொரு முறையும் விரலால் சோதி.

7. சுமக்கும்போது நினைவு முழுக்க முனையில் இருக்கட்டும்.
தோளில் மாட்டும் முன் குண்டு போடும் அறை காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய். வாரின் நீளம், மாட்டிய பின் கட்டை இடுப்புக்குக் கீழே அடிக்காத அளவு. குனியும்போது வார் நழுவும், முனை யார் மீதோ திரும்பும். அதனால் குனியாதே, உட்கார். நம் பக்கத்தில் ரேஞ்சைச் சுற்றிச் சீமைக்கருவேலம் இல்லாத இடம் ஏது? வாரில் தொங்குகிற நுனி முள்ளில் மாட்டும்; மிச்ச நுனியைச் சொருகி வை. கம்பி வேலி வந்தால் தோளிலிருந்து இறக்கி, காலி என்று மறுபடி பார்த்துக் கூட்டாளியிடம் கொடுத்துவிட்டுத் தாண்டு. வாரைப் பிடித்து ரைஃபிளை உன் பக்கம் இழுக்கிற பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம்.

8. கட்டுகிற விதம்.
வளையத்தை இடது மேற்கையில், அக்குளுக்குச் சற்றுக் கீழே ஏற்று. பக்கிள் வெளிப்பக்கம் இருக்கட்டும். வார் முறுக்கிக்கொள்ளாமல் மணிக்கட்டின் ஒரு பக்கமாகத் தட்டையாகப் போக வேண்டும். கையை முன்கட்டையின் தடுப்பு வரை தள்ளு. விரல்களை மூடாதே, ரைஃபிள் உள்ளங்கையில் உட்காரட்டும், நீ பிடிக்காதே.
இப்போது சோதனை. வலக்கையை எடுத்துவிடு. கட்டை தோளிலேயே நின்றால் வார் வேலை செய்கிறது. முனை சாய்ந்தால் இன்னும் நீதான் தூக்கிக்கொண்டிருக்கிறாய், ஒரு துளை இறுக்கு. போட்டிக்குப் போகிறவர்களுக்கு இன்னொன்று: படுத்த நிலையில் முன்கை தரையோடு 30 பாகைக்குக் குறையக் கூடாது என்பது விதி. தாழப் படுத்தால் நடுக்கம் குறையும் என்று வாரை நீளமாக்கி அதைத் தாண்டிவிடாதீர்கள்.

9. பூட்டாங்கயிறு போலக் கட்டு.
உங்கள் தாத்தாக்கள் மாட்டை ஏரில் பூட்டும்போது கழுத்தில் கட்டுகிற பூட்டாங்கயிற்றைப் பார்த்திருப்பார்கள். தளர்ந்தால் நுகம் ஆடும், உழவு கோணும். இறுகினால் மாடு திணறும். வாரும் அதே கதை. மேற்கையின் உட்பக்கத்தில் பெரிய ரத்தக்குழாய் ஓடுகிறது. வார் அதன் மேல் அழுத்தினால் இதயம் அடிக்கும் ஒவ்வொரு அடியும் முனையில் தெரியும். முன்பு வேறொரு பிள்ளைக்கு அதுதான் நடந்தது. “தாத்தா, குறி தானா துள்ளுது” என்றாள். வளையத்தை இரண்டு விரல்கடை மேலே ஏற்றி, வெளிப்பக்கமாகக் கொஞ்சம் திருப்பிக் கட்டச் சொன்னேன். ஐந்து குண்டு சுட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். “நின்னுட்டுது தாத்தா.”
விரல் மரத்தால் உடனே அவிழ். பொறுத்துக்கொள்வது வீரம் இல்லை.

10. வார் குறியைத் திருப்பக் கூடாது.
குறி வலப்பக்கம் விலகினால் கையால் இழுக்காதே. இழுத்தால் தசை வேலைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம், சுட்டவுடன் ரைஃபிள் பழைய இடத்துக்கே ஓடும். கண்ணை மூடி இரண்டு மூச்சு விடு. திறந்து பார். குறி எங்கே நிற்கிறதோ அதுதான் உன் உடம்பு காட்டுகிற திசை. இடது முழங்கையை அச்சாக வைத்து இடுப்பை நகர்த்து. வாரைத் தொடாதே.

11. நேற்று எந்தத் துளையோ இன்றும் அதே துளை.
50 மீட்டர் ரைஃபிள் இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவு 10.4 மில்லிமீட்டர். சட்டையில் தைக்கிற பட்டனை விடச் சற்றுச் சிறிது. பல .22 ரைஃபிள்களில் குழல் முன்கட்டையைத் தொட்டுக்கொண்டு இருக்கும். வார் அதிகம் இழுத்தால் கட்டை வளைந்து குழலை அழுத்தும், குண்டு விழும் இடம் மாறும். ஒரு துளை மாறினாலே குண்டுகள் விழுந்த குழு மொத்தமும் நகர்ந்ததைப் பார்த்திருக்கிறேன். மணல் மூட்டையில் வைத்து ஜீரோ செய்த, அதாவது குறியைச் சரிப்படுத்திய ரைஃபிளை வார் கட்டிச் சுட்டுவிட்டுக் குறிமுள்ளைத் திட்டாதே. எப்படிச் சுடப் போகிறாயோ அப்படிக் கட்டிக்கொண்டே ஜீரோ செய். துளைகளுக்குப் பேனாவால் எண் போடு. நோட்டில் தேதி, துளை, தடுப்பு இருக்கும் இடம், அன்று போட்டிருந்த ஜாக்கெட் நாலையும் எழுது. சட்டை மாறினாலும் வாரின் கணக்கு மாறும்.

12. வாரையும் கருவி போல வை.
சுட்டு முடித்ததும் அவிழ்த்துத் துடை. கரிசல் மண் காய்ந்தால் பொடி, நனைந்தால் பசை. படுத்து எழுந்த முழங்கையில் ஒட்டியது வாருக்கும் ஏறும், அதில் இருக்கிற மணல் நூலை அறுக்கும். தோலுக்கு எண்ணெய் தேய்த்து நிழலில் உலர்த்து, ஒழுகும்படி ஊற்றாதே. ஊறிய தோல் நீளும். உரிமத் துப்பாக்கி வைத்திருக்கிற பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. தேர்தல் வந்தால் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்வார்கள். வாரைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுக் கொடுங்கள். ஒருமுறை நான் வாரோடு ஒப்படைத்து, இரண்டு மாதம் கழித்துப் பூஞ்சை பிடித்த தோலைத் திரும்ப வாங்கினேன்.

13. காட்டுக்குக் கொண்டு போகாதே.
.22 ரைஃபிளுக்கு 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். 1972 வனவிலங்குச் சட்டம் வேட்டையைத் தடுத்துவிட்டது. பக்கத்தில் வல்லநாட்டில் வெளிமானுக்குச் சரணாலயமே இருக்கிறது. கற்றுக்கொண்ட கை ரேஞ்சுக்குள் மட்டும் நீளட்டும்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அந்தப் பிள்ளை கடைசியில் ஸ்லிங் வாங்கவில்லை. என்.சி.சி. ரைஃபிளில் இருக்கிற பழைய நாடாவிலேயே முதலில் கையைப் பழக்குகிறேன் என்றாள். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. இந்த வாரம் வந்தபோது அந்த நாடாவைப் பற்றி நோட்டில் எழுதி வந்திருந்தாள். எவ்வளவு நீளத்தில் கட்டினாள், கையில் எந்த இடத்தில் சுற்றினாள், எந்தச் சட்டை, எல்லாம் இருந்தது. ஓரத்தில் சின்ன எழுத்தில் ஒரு வரி: ‘மடிப்பில் ஒத்தத் தையல். பாட்டியிடம் காட்ட வேண்டும்.’

உள்ளேயிருந்து என் மனைவி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தாள். “பட்டாளத்து நாடா, நீங்களே பிரிச்சுத் தைக்கக் கூடாது. உங்க ஹவில்தார்கிட்ட சொல்லி எடுத்துட்டு வா. வந்ததும் சதுரமா ஓட்டித் தாரேன்” என்றாள்.