சிறு தொட்டியில் கூடி வாழும் மீன்கள்

பள்ளி மீன் தொட்டியில் மீன்கள் மடியுமாயின் நீரின்மேல் பழி போடுவதே வழக்கம். பல வேளைகளில் பிழை, மீன்களைச் சேர்த்த முறையில் இருக்கும்.

60 லிட்டர் நீர் கொள்ளும் தொட்டிக்குக் கங்கைப் பகுதி மீன்களுள் ஸீப்ரா டானியோவும் குள்ள கௌராமியும் ஏற்றவை. இரண்டையும் பிரான்சிஸ் ஹாமில்டன் 1822-இல் வெளியிட்ட நூலில் விவரித்துள்ளார். டானியோ கூட்டமாக வாழும் இயல்பினது. எட்டுக்குக் குறையாமல் விடுதல் நலம். இரண்டு மூன்றே இருப்பின் வலியது மெலியதை ஓயாது துரத்தும். கௌராமி சாதுவானது; எனினும் ஆண்கள் இரண்டு கூடினால் சண்டை மூளும். ஓர் ஆணே போதும்.

நீண்ட துடுப்புடைய ஏஞ்சல் மீனுடன் டைகர் பார்ப் மீனை விடலாகாது. அது துடுப்பைக் கொறிக்கும். புண்ணில் பூஞ்சணம் படரும். ஆசிரியர் மருந்திடுவார், கொறிப்பதோ நிற்பதில்லை.

மாணவர் ஆசையுடன் கொண்டுவரும் செந்நிற விரால் குஞ்சுகள் (கண்ணுக்கு இனியவைதாம்) தொட்டிக்கு ஆகா. அவை வளர்ந்தபின் தொட்டியில் விரால் மட்டுமே எஞ்சும்.