தானே ஆறும் சுவர்

பி.எஸ்ஸி. வேதியியல், இரண்டாம் ஆண்டு

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். தாத்தாவும் அப்பாவும் கொத்தனார்கள். சுண்ணாம்புக் காரையில் கட்டி கிடந்தால் தாத்தா சித்தாளைக் கடிந்துகொள்வாராம்; "பூச்சு பொரிந்துவிடும்" என்பாராம். கட்டி என்றால் பழுது. இது எங்கள் வீட்டுப் பாடம். அந்தக் கட்டிதான் சுவரைக் காக்கிறது என்று 2023-இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று கூறுவதைப் படித்து வியந்தேன்.

ரோம் நகரின் பாந்தியன் கோவில் கி.பி. 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. சுமார் 43 மீட்டர் அகலமுள்ள அதன் குவிமாடத்தில் இரும்புக் கம்பியே இல்லை, இன்றும் நிற்கிறது. கலவையில் சேர்த்த எரிமலைச் சாம்பலே இவ்வுறுதிக்குக் காரணம் என நெடுங்காலம் கருதினர். ரோமானியக் காரையில் ஆங்காங்கே தெரியும் வெள்ளைக் கட்டிகளை, சரியாகக் கலக்காததன் அடையாளம் என்று ஒதுக்கிவிட்டனர்.

"மற்ற எல்லாவற்றிலும் கருத்தாயிருந்தவர்கள் இதில் மட்டுமா தவறியிருப்பார்கள்?" என்ற ஐயம் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் அட்மிர் மாசிக்கிற்கு எழுந்தது. இத்தாலியில் பிரிவெர்னம் என்னும் பழைய நகரின் மதிலிலிருந்து எடுத்த துண்டுகளை அவர் குழுவினர் ஆராய்ந்தனர். அக்கட்டிகள் மிகுந்த வெப்பத்தில் உருவானவை எனத் தெரிந்தது. அதாவது, நீற்றிய சுண்ணாம்பை மட்டுமன்றி, சுட்ட சுண்ணாம்பையே நேராகக் கலவையில் இட்டிருக்கிறார்கள். அது நீருடன் சேர்ந்தால் பெருவெப்பம் வெளிப்படும் என்பது நாம் வகுப்பில் படித்ததே.

பின்னாளில் சுவரில் விரிசல் கண்டு மழைநீர் புகுந்தால், கட்டியிலுள்ள கால்சியம் அந்நீரில் கரைகிறது. பிறகு கால்சியம் கார்பனேட்டாகப் படிந்து விரிசலை அடைக்கிறது. இதைச் சோதிக்க அவர்கள் இம்முறையில் காங்கிரீட் செய்து, பிளந்து, நீரை ஓடவிட்டனர். இரண்டு வாரத்துக்குள் கசிவு நின்றது. சுட்ட சுண்ணாம்பு சேர்க்காத துண்டில் நீர் ஓடிக்கொண்டே இருந்தது.

உலகில் மனிதரால் வெளியாகும் கார்பன்-டை-ஆக்சைடில் ஏறத்தாழ 8 விழுக்காடு சிமெண்ட் தயாரிப்பினால் வருகிறது. கட்டடங்கள் நெடுநாள் நிலைத்தால் அந்த அளவு குறையும் என்பதே இவ்வாராய்ச்சியின் பயன்.

அப்படியானால் தாத்தா சொன்னது தவறா? அப்பாவிடம் கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, "பூச்சு அரை அங்குலம், மதில் இரண்டு முழம். இரண்டும் ஒன்றாடா?" என்றார். எந்தப் பேராசிரியரிடமும் கேட்டிராத அவர், ஒரே பொருள் ஓரிடத்தில் குறையாகவும் வேறிடத்தில் காவலாகவும் அமையும் என்பதைக் கையனுபவத்தால் அறிந்திருந்தார்.

ஆய்வகத்தில் எதிர்பாராத விடை வந்தால் "பிழை" என்று அடித்துவிடுவது என் வழக்கம். நண்பர்களே, இனி அடிக்குமுன் ஒருமுறை "ஏன்?" என்று கேட்கப் போகிறேன்.