பேய்மிரட்டி கற்பித்த பாடம்

எங்கள் ஊர்ப் புறம்போக்கில் தானே முளைத்துக் கிடக்கும் பேய்மிரட்டியைப் பிடுங்கி வந்து தொட்டியில் வைத்தேன். காலையும் மாலையும் நீர் ஊற்றினேன். ஒரே மாதத்தில் வேர் அழுகிச் செடி மடிந்தது. காரணம் தேடினேன்.

பேய்மிரட்டி, துளசியும் புதினாவும் அடங்கிய லேமியேசிக் குடும்பத்தைச் சேர்ந்தது. நாற்கோணத் தண்டு, எதிரிலை அமைவு, ஈருதட்டுப் பூ ஆகியவை அதற்குச் சான்று. அனிசோமிலஸ் என்னும் இதன் பேரினத்தை 1810இல் வகுத்தவர் இராபர்ட் பிரௌன். இலையைப் போர்த்தியுள்ள அடர்ந்த மயிர்கள் நீராவிப் போக்கைக் குறைக்கின்றன. இதன் பச்சை இலையைத் திரியாக முறுக்கி எண்ணெயிலிட்டு விளக்கேற்றும் வழக்கமும் நம்மிடையே உண்டு.

மறுமுறை, அடியில் துளையிட்ட தொட்டியில் செம்மண் 2 பங்கும் மணல் 1 பங்கும் கலந்து நிரப்பினேன். முற்றிய விதைகளைத் தூவி, மெல்லிய மணலால் மூடினேன். நாற்று வேரூன்றும்வரை நாள்தோறும் நீர் தெளித்தேன். பின்னர் மேல்மண் விரலாழம் காய்ந்த பிறகே ஊற்றினேன். நல்ல வெயிலில் வைத்தேன். பூத்து ஓய்ந்ததும் கிளை நுனிகளைக் கத்தரித்தேன். இன்று செடி என் இடுப்பளவு நிற்கிறது. ஊதாப் பூக்களை நாடித் தேனீக்கள் வருகின்றன.

நண்பர்களே, இயல்பறியாமல் காட்டும் பரிவும் செடிக்குப் பகையே. முதல் செடியைக் கொன்றது வறட்சியன்று, என் அன்பே!